ஆங்கில வாக்கியத்தைச் சரிபார்ப்பது எப்படி: ஒரு கடை மெயிலை வைத்து ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரிலிருந்து ஆர்டர் கேட்டு வந்த மெயிலுக்குப் பதில், வங்கிக்கு ஒரு புகார், கல்லூரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட், கோயில் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் வழி சொல்வது என்று மதுரையில் பலருக்கும் ஆங்கிலத்தில் எழுத வேண்டிய வேலை வந்துகொண்டே இருக்கிறது. ஒருவழியாக எழுதி முடித்துவிடுகிறோம். அதைச் சரிபார்க்கத்தான் எங்கே தொடங்குவது என்று தெரிவதில்லை. மேலிருந்து கீழே இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணில் எதுவும் உறுத்தவில்லை என்றதும் அனுப்பிவிடுகிறோம்.

வீட்டிலும் கடையிலும் தமிழ் பேசி வளர்ந்தவரின் ஆங்கிலப் பிழைகள் கண்டபடி வருவதில்லை. தமிழும் ஆங்கிலமும் வேறு வேறு வழியில் போகும் இடங்களில்தான் பெரும்பாலும் வருகின்றன. அந்த இடங்கள் அதிகமில்லை. அவற்றைத் தெரிந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு சுற்றுப் படித்தால், இலக்கணப் புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்யாமலே பெரும்பாலான பிழைகளைப் பிடித்துவிடலாம். எல்லாப் பிழையையும் ஒரே வாசிப்பில் தேடினால் எதுவும் அகப்படாது. வினைச்சொல்லைக் கவனிக்கும்போது கமா தப்பிவிடும், கமாவைக் கவனித்தால் தேதி தப்பிவிடும்.

சரிபார்க்கக் கற்றுக்கொள்ள இந்த மெயிலை எடுத்துக்கொள்வோம். சுங்குடிச் சேலை விற்கும் கடையிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதியது. வாய்விட்டுப் படியுங்கள்.

"ஐ ஆம் ரிசீவ்ட் யுவர் மெயில் யெஸ்டர்டே நைட். வீ ஆர் ஹேவிங் 40 சுங்குடி சாரீஸ் ஒன்லி. தி லிஸ்ட் ஆஃப் கலர்ஸ் ஆர் அட்டாச்ட். ஆஃப்டர் பேக்கிங் தி சாரீஸ், தி கூரியர் வில் கம் ஆன் மண்டே. வீ ஹேவ் டு பே தி கூரியர் சார்ஜ். ப்ளீஸ் சென்ட் தி அமவுண்ட் டில் ஃப்ரைடே. ஐ வில் செக் தி ட்ராக்கிங் நம்பர் அண்ட் டெல்."

ஏழு வாக்கியங்கள். ஏழிலும் ஏதோ ஒன்று இடிக்கிறது. இவற்றில் மிக ஆபத்தானது ஐந்தாவது வாக்கியம். அதில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

முதல் சுற்று: பொருள்

இலக்கணத்துக்கு முன்னால் பொருளைப் பார்க்க வேண்டும். பொருள் தவறாக இருந்தால் அந்த வாக்கியத்தையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். அதற்கு முன்பே அதிலுள்ள இலக்கணத்தைத் திருத்துவது வீண் வேலை.

செய்ய வேண்டியது இதுதான். எழுதியதை வீட்டிலோ கடையிலோ இருக்கும் இன்னொருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். என்ன சொல்ல நினைத்தீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அவர் சொல்லும் தமிழும் உங்கள் மனதிலிருந்த தமிழும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஆள் கிடைக்காவிட்டால் மெயிலை அரைமணி நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, அதை வாங்கப் போகிறவராக உங்களை நினைத்துக்கொண்டு நீங்களே படியுங்கள். "இதற்கு வேறு பொருள் வருமா?" என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் வேண்டுமென்றே தேடுங்கள்.

இப்போது ஐந்தாவது வாக்கியம்: "வீ ஹேவ் டு பே தி கூரியர் சார்ஜ்." எழுதியவர் மனதில் இருந்தது எது? "நாங்கள் கட்டுகிறோம்" என்பதா, "நாம் இருவரும் சேர்ந்து கட்ட வேண்டும்" என்பதா? தமிழில் "நாங்கள்" வேறு, "நாம்" வேறு. குழப்பமே வராது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் "வீ" ஒன்றுதான். எழுதியவர் "நாம" என்று நினைத்து எழுதியிருந்தாலும், படிப்பவர் "கூரியர் செலவைக் கடையே ஏற்றுக்கொள்கிறது" என்று எடுத்துக்கொள்வார். பிறகு பில் போகும்போது தகராறு வரும். பணம், பொறுப்பு, கெடு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வருகிற வாக்கியத்தில் "வீ" இருந்தால் அதை எடுத்துவிட்டு, யார் என்பதைப் பெயரிட்டு எழுதிவிடுங்கள்: "யூ வில் நீட் டு பே தி கூரியர் சார்ஜ்", அல்லது "அவர் ஷாப் வில் பே தி கூரியர் சார்ஜ்."

இதே வகைச் சிக்கல் "ஹிஸ்", "ஹெர்" போன்ற சொற்களிலும் உண்டு. "முருகன் செல்வத்திடம் தன் லாரி வரவில்லை என்றார்" என்றால் லாரி முருகனுடையது. "அவர் லாரி" என்றால் பெரும்பாலும் வேறொருவருடையது. தமிழில் "தன்" அந்த வேலையைச் செய்துவிடுகிறது. "முருகன் டோல்ட் செல்வம் தட் ஹிஸ் லாரி ஹேட் நாட் கம்" என்ற வாக்கியத்தில் லாரி யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வாக்கியத்தில் இரண்டு ஆண் பெயர்களோ இரண்டு பெண் பெயர்களோ வந்து, பின்னால் "ஹிஸ்", "ஹீ", "ஹெர்", "ஷீ" வந்தால், கூச்சப்படாமல் பெயரையே திரும்ப எழுதுங்கள்: "முருகன்ஸ் லாரி". பெயரைத் திரும்ப எழுதுவது அழகில்லை என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். வியாபாரக் கடிதத்தில் அழகைவிடத் தெளிவு முக்கியம்.

நான்காவது வாக்கியத்தைப் பாருங்கள்: "ஆஃப்டர் பேக்கிங் தி சாரீஸ், தி கூரியர் வில் கம்." தமிழில் "சேலையை பேக் பண்ணதும் கூரியர்காரர் வருவார்" என்றால் யாருக்கும் குழப்பமில்லை. பேக் செய்வது கடை, வருவது கூரியர். ஆங்கிலத்தில் கமாவுக்கு முன் "-இங்" வடிவத்தில் ஒரு செயல் வந்தால், கமாவுக்குப் பின் முதலில் வரும் பெயர்தான் அதைச் செய்தது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஆக இங்கே சேலையைக் கூரியர்காரரே பேக் செய்கிறார் என்றாகிவிட்டது. இரண்டு செயலுக்கும் தனித்தனியே ஆளை எழுதினால் சிக்கல் தீர்ந்தது: "வீ வில் பேக் தி சாரீஸ், அண்ட் தி கூரியர் வில் கலெக்ட் தெம்."

அடையாளம் சொல்லும் சொற்றொடர் எந்தப் பெயரின் பக்கத்தில் நிற்கிறது என்பதும் இந்தச் சுற்றில் பார்க்க வேண்டியது. தமிழில் அடைமொழி பெயருக்கு முன்னால் வந்துவிடும்: "கிழிந்த பெட்டியிலிருந்த சேலை", "பெட்டியிலிருந்த கிழிந்த சேலை". ஆங்கிலத்தில் அது பின்னால் போய் நிற்கும்: "தி சாரி இன் தி பாக்ஸ் விச் இஸ் டோர்ன்." கிழிந்தது சேலையா, பெட்டியா? "விச்", "தட்", "வித்" என்று தொடங்கும் பகுதி தனக்குரிய பெயரை ஒட்டியே இருக்க வேண்டும். ஒட்டி வைக்க முடியவில்லையென்றால் "தி டோர்ன் சாரி இன் தி பாக்ஸ்" என்று அடைமொழியை முன்னால் கொண்டுவந்துவிடுங்கள்.

"எல்லாச் சேலையும் பட்டு இல்லை" என்பது மட்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே மாதிரி குழப்பும். "ஆல் சாரீஸ் ஆர் நாட் சில்க்" என்று எழுதவே எழுதாதீர்கள். சில பட்டு, சில பட்டில்லை என்றால் "நாட் ஆல் தி சாரீஸ் ஆர் சில்க்". ஒன்றுகூடப் பட்டில்லை என்றால் "நன் ஆஃப் தி சாரீஸ் இஸ் சில்க்".

இரண்டாம் சுற்று: "தான்" போய் நின்ற இடம்

மதுரையில் எழுதும் ஆங்கிலத்தில் "ஒன்லி" அதிகம். தமிழில் "தான்" நாம் அழுத்தும் சொல்லுக்குப் பின்னால் வரும். அந்தப் பழக்கத்தில் "ஒன்லி"யையும் பின்னால் போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் "ஒன்லி" எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதற்கு முன்னால் நிற்க வேண்டும். "40 சுங்குடி சாரீஸ் ஒன்லி" என்பதை "ஒன்லி 40 சுங்குடி சாரீஸ்" என்று மாற்ற வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் "தான்" இரண்டு வேலை செய்கிறது. "நாற்பதுதான் இருக்கிறது" என்றால் அதற்கு மேல் இல்லை என்று பொருள். "இது எங்கள் கடைதான்" என்றால் வெறும் உறுதி. ஆங்கிலத்தின் "ஒன்லி" முதல் வேலையை மட்டுமே செய்யும். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்துதான் இருக்கும் என்று சொல்ல நினைத்து "வீ ஆர் ஓபன் ஆன் சண்டே ஒன்லி" என்று எழுதினால், ஞாயிறு தவிர மற்ற ஆறு நாளும் கடை மூடியிருக்கும் என்று வெளியூர்க்காரர் புரிந்துகொள்வார். ஒவ்வொரு "ஒன்லி"யிலும் நின்று, "இதற்கு மேல் இல்லை என்கிறேனா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் அதை அடித்துவிடுங்கள். "வீ ஆர் ஆல்ஸோ ஓபன் ஆன் சண்டேஸ்" என்பதே அங்கே போதும்.

மூன்றாம் சுற்று: வினைச்சொல்

அதிக நேரம் கொடுக்க வேண்டிய சுற்று இதுதான். பென்சிலை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைச்சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். எது வினை என்று தெரியாவிட்டால் ஒரு வழி உண்டு. வாக்கியத்தை நேற்றைக்கு மாற்றிச் சொல்லிப் பாருங்கள், பிறகு நாளைக்கு மாற்றிச் சொல்லிப் பாருங்கள். எந்தச் சொல் மாறுகிறதோ அதுதான் வினை. அடிக்கோடு விழாத வாக்கியம் இருந்தால் அங்கே வினையே விடுபட்டிருக்கிறது. "அவர் அண்ணன்", "விலை அதிகம்" என்று வினையில்லாமல் தமிழில் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் "தி ப்ரைஸ் இஸ் ஹை" என்று "இஸ்" வந்தே தீர வேண்டும்.

வினை அகப்பட்டதும் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, இரண்டு வினைகள் மோதுகின்றனவா? "ஐ ஆம் ரிசீவ்ட்" என்பதில் "ஆம்" எதற்கு? மெயில் எனக்கு வந்தது, நான் பெற்றேன். "ஐ ரிசீவ்ட்" போதும். "டிட் நாட் வென்ட்" என்பதிலும் இதே மோதல்தான். "டிட்" வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே தாங்கிக்கொள்ளும், பின்னால் வருவது "கோ" என்ற மூல வடிவம்தான். "டிட் நாட் கோ".

இரண்டு, எழுவாயும் வினையும் பொருந்துகின்றனவா? "தி லிஸ்ட் ஆஃப் கலர்ஸ் ஆர் அட்டாச்ட்." வினைக்குப் பக்கத்தில் "கலர்ஸ்" இருப்பதால் கை தானாக "ஆர்" என்று எழுதிவிடுகிறது. "ஆஃப்", "வித்", "இன்", "ஃப்ரம்" என்று தொடங்கும் பகுதியைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போட்டு, அது இல்லாமல் படியுங்கள். "தி லிஸ்ட் … இஸ் அட்டாச்ட்." இந்த வழியில் நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் விடை கிடைக்கும். "ஈச்", "எவ்ரிஒன்", "எவ்ரி" மூன்றும் ஒருமை. "எவ்ரிஒன் ஹேஸ்" என்றுதான் எழுத வேண்டும். "நியூஸ்" கடைசியில் "ஸ்" இருந்தும் ஒருமை. "போலீஸ்" கடைசியில் "ஸ்" சேர்க்காமலே பன்மை: "தி போலீஸ் ஆர்".

மூன்று, "-இங்" தேவையா? "வீ ஆர் ஹேவிங் 40 சாரீஸ்", "ஐ ஆம் நோயிங் இங்லிஷ்", "ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங்". "வச்சிருக்கோம்", "தெரிஞ்சிருக்கு" என்பவற்றில் "இரு" இருப்பதால் நமக்கு இது இயல்பாக வருகிறது. ஆங்கிலத்தில் செயலுக்குத்தான் அந்த வடிவம், நிலைக்கு இல்லை. உடைமை, அறிவு, விருப்பம், நம்பிக்கை, தேவை எல்லாம் நிலைகள்: "வீ ஹேவ்", "ஐ நோ", "ஐ லைக்", "ஐ பிலீவ்", "வீ நீட்". "வீ ஆர் ஹேவிங் லஞ்ச்" என்பது சரி. அங்கே "ஹேவ்" சாப்பிடும் செயலைக் குறிக்கிறது.

நான்கு, காலச் சொல்லும் வினையும் ஒத்துப்போகின்றனவா? முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் "யெஸ்டர்டே", "லாஸ்ட் வீக்", "இன் 2019" ஆகியவற்றோடு "ஹேவ் சென்ட்" சேராது. "ஐ சென்ட் இட் யெஸ்டர்டே" என்றே எழுத வேண்டும். இதற்கு நேர்மாறானது "2015-லிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்" என்பது. தமிழில் அது நிகழ்காலம். அதை அப்படியே "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015" என்று எழுதிவிடுகிறோம். அன்று தொடங்கி இன்றுவரை தொடர்வதற்கு ஆங்கிலம் தனி வடிவம் வைத்திருக்கிறது: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015." தொடங்கிய புள்ளிக்கு "சின்ஸ்", எவ்வளவு காலம் என்பதற்கு "ஃபார்". "சின்ஸ் மண்டே", "ஃபார் த்ரீ டேஸ்".

"நேத்து ராத்திரி", "இன்னைக்குக் காலையில" என்பவற்றையும் இந்தச் சுற்றிலேயே முடித்துவிடலாம். "யெஸ்டர்டே நைட்" என்று எழுதினால் புரியும், ஆனால் வழக்கில் உள்ளது "லாஸ்ட் நைட்". "டுடே மார்னிங்" என்பதற்குப் பதில் "திஸ் மார்னிங்".

நான்காம் சுற்று: சொல்லாமல் விட்டது

"பார்த்துட்டுச் சொல்றேன்." அருமையான தமிழ் வாக்கியம். யார், எதைப் பார்த்து, யாருக்குச் சொல்வது எதுவும் இதில் இல்லை, ஆனாலும் எல்லாம் புரிகிறது. ஆங்கிலத்தில் "ஐ வில் செக் அண்ட் டெல்" என்றால் அது பாதியில் நின்ற வாக்கியம். "டெல்" என்ற வினைக்குப் பின்னால் ஆள் வேண்டும்: "டெல் யூ". "சே" என்பதற்குப் பின்னால் நேராக ஆள் வராது, "செட் டு மீ" என்றுதான் வரும். "எக்ஸ்ப்ளெயின் மீ" தவறு, "எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ" சரி. "ஐ லைக் வெரி மச்" என்பதில் எதை என்பது விட்டுப்போயிற்று: "ஐ லைக் இட் வெரி மச்."

வினைக்கு முன்னால் "யார்?", வினைக்குப் பின்னால் "எதை? யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டே போனால் விட்டவை வெளியே வந்துவிடும்.

ஐந்தாம் சுற்று: பெயர்ச்சொல்

"பத்து சேலை", "நாலு பெட்டி" என்று எண்ணைப் போட்டுவிட்டால் தமிழில் "கள்" தேவையில்லை. அதனால்தான் இன்வாய்ஸில் "40 சாரி" என்று வந்துவிடுகிறது. எண் ஒன்றுக்கு மேல் போனால் கடைசியில் "ஸ்" உண்டா என்று பாருங்கள். "ஒன் ஆஃப் தி" என்று தொடங்கினால் பின்னால் வருவது கட்டாயம் பன்மை. "ஒன் ஆஃப் தி ஓல்டஸ்ட் ஷாப் இன் மதுரை" என்று போர்டு எழுதும் முன் "ஷாப்ஸ்" ஆக்கிவிடுங்கள். பெயிண்ட் காய்ந்த பிறகு திருத்துவது கஷ்டம்.

எண்ண முடியாதவை என்று ஆங்கிலம் தனியே ஒரு கூட்டத்தை வைத்திருக்கிறது: இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஜுவல்லரி, ஸ்டேஷனரி. இவற்றோடு "ஸ்" சேராது, முன்னால் "எ", "ஆன்" வராது. சந்தேகம் வந்தால் கற்போருக்கான ஆங்கில அகராதியைப் பாருங்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் எண்ண முடியுமா முடியாதா என்பதைக் குறித்திருப்பார்கள். புத்தகமாகவே புரட்டிப் பார்க்கப் பிடிக்கும் என்றால், புதுநத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒருநாள் போய் வரலாம். இந்தச் சோதனைக்குச் சிறிய பாக்கெட் அகராதி உதவாது. பொருளை மட்டும் சொல்லிவிட்டுச் சொல்லின் நடத்தையை அது பெரும்பாலும் விட்டுவிடும்.

"எ" வருமா, "ஆன்" வருமா என்பதற்குத் தமிழ் எழுத்தே நல்ல துணை. அடுத்து வரும் சொல்லைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் "ஆன்", மெய்யொலியில் தொடங்கினால் "எ". அவர் என்று ஒலிக்கும் மணிநேரத்துக்கு "ஆன்", யுனிவர்சிட்டிக்கு "எ", யூ.பி.எஸ்ஸுக்கு "எ", எம்.எல்.ஏ.வுக்கு "ஆன்". ஒரு எச்சரிக்கை. நம் பேச்சில் முதலெழுத்து "எ" பல நேரம் "யெ" ஆகிவிடும். "யெட்டு", "யெம்மெல்லே" என்கிறோம். அந்த "ய" நம் நாக்கு சேர்ப்பது, கணக்கில் எடுக்கக் கூடாது. ஆண்டைக் குறிக்கும் சொல்லை "இயர்" என்று நாம் சொல்வதில் எதிர்மாறு நடக்கிறது. அதன் தொடக்கத்தில் "ய" ஒலி உண்டு, ஆகவே "எ இயர்".

"தி" எங்கே வரும் என்பதற்குச் சுருக்கமான விதி கிடையாது. ஊர்ப் பெயர்களை வைத்துப் பழகினால் ஓரளவு பிடிபடும். மதுரை என்ற ஊருக்கு "தி" இல்லை, வைகை ஆற்றுக்கு உண்டு. வெஸ்ட் மாசி ஸ்ட்ரீட், டவுன் ஹால் ரோடு, மதுரை ஏர்போர்ட் எதற்கும் இல்லை. தி மீனாட்சி அம்மன் டெம்பிள், தி காந்தி மெமோரியல் மியூசியம் இரண்டுக்கும் உண்டு. யானைமலை ஒற்றை மலை, அதற்கு இல்லை. மலைத்தொடராகச் சொல்லும் தி அழகர் ஹில்ஸுக்கு உண்டு. 2004-ல் வந்த உயர்நீதிமன்றக் கிளைக்கு இரண்டு முறை வரும்: "தி மதுரை பெஞ்ச் ஆஃப் தி மெட்ராஸ் ஹைகோர்ட்". சாதாரணப் பெயர்களில், எதைச் சொல்கிறீர்கள் என்று படிப்பவருக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் "தி" போடுங்கள். முதன்முறையாகச் சொல்லும்போது "எ" போடுங்கள். "ஐ சென்ட் எ பார்சல். தி பார்சல் வில் ரீச் யூ…"

ஆறாம் சுற்று: வேற்றுமை உருபு கொண்டுவரும் பிழை

"கோயிலுக்கு எதிரே" என்பதிலுள்ள "க்கு" ஆங்கிலத்திலும் "டு"வாக வந்து ஒட்டிக்கொள்ளும்: "ஆப்போசிட் டு தி டெம்பிள்". இடம் சொல்லும்போது "ஆப்போசிட் தி டெம்பிள்", "நியர் தி டெம்பிள்" என்று வெறுமனே எழுதுங்கள். "மதுரைக்கு வந்து சேர்ந்தேன்" என்பதை "ரீச்ட் மதுரை" என்று எழுத வேண்டும், "ரீச்ட் டு" கிடையாது. "அதைப் பற்றிப் பேசினோம்" என்பதற்கு "டிஸ்கஸ்ட் இட்" போதும், "டிஸ்கஸ் அபவுட்" தவறு. "என்மேல் கோபம்" என்பது "ஆங்ரி வித் மீ", "ஆன் மீ" அல்ல. "ரிட்டர்ன் பேக்", "ரிப்ளை பேக்" இரண்டிலும் "பேக்" வேண்டாம்.

இவற்றுக்கு விதி தேடி அலையாதீர்கள். அகராதியில் அந்த வினையைப் பார்த்து, கீழே கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் அதற்கு அடுத்து என்ன சொல் வருகிறது என்று பாருங்கள். கூகுளில் எத்தனை முடிவு வருகிறது என்று எண்ணித் தீர்மானிக்க வேண்டாம். "டிஸ்கஸ் அபவுட்" என்று தேடினாலும் ஏராளமாக வரும், ஏனென்றால் அந்தப் பிழையைச் செய்வோர் உலகெங்கும் இருக்கிறார்கள்.

கேள்வி அடங்கிய வாக்கியங்களையும் இப்போதே பார்த்துவிடுங்கள். "பஸ் ஸ்டாண்ட் எங்கே இருக்கு?", "பஸ் ஸ்டாண்ட் எங்கே இருக்குன்னு சொல்லுங்க." தமிழில் உள்ளே இருக்கும் கேள்வி மாறவில்லை. ஆங்கிலத்தில் மாறும். நேர்க்கேள்வி "வேர் இஸ் தி பஸ் ஸ்டாண்ட்?" அதையே இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்தால் "டெல் மீ வேர் தி பஸ் ஸ்டாண்ட் இஸ்."

ஏழாம் சுற்று: கெடு, தேதி, தொகை

"வெள்ளிக்கிழமைக்குள்" என்பதற்கு "டில் ஃப்ரைடே" எழுதினால், வெள்ளிக்கிழமைவரை தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருங்கள் என்றாகும். கெடுவுக்கு "பை ஃப்ரைடே". "பத்து நாளுக்குள்" என்பதற்கு "விதின் டென் டேஸ்". "இன் டென் டேஸ்" என்றால் பத்து நாள் கழித்து என்றே பலரும் எடுத்துக்கொள்வார்கள்.

"நெக்ஸ்ட் ஃப்ரைடே" என்று எழுதாதீர்கள். இந்த வார வெள்ளியா, அடுத்த வார வெள்ளியா என்று ஆங்கிலம் பேசுவோருக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கிழமையோடு தேதியையும் சேர்த்து, மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்: "ஃப்ரைடே, 14 ஜூன்". 05/06 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. வெளிநாட்டுக்கு எழுதும்போது லட்சம், கோடி வேண்டாம். 1,50,000 என்ற நம் கமா அவர்களுக்கு அச்சுப்பிழைபோலத் தெரியும், 150,000 என்று எழுதுங்கள். எந்த நாட்டுப் பணம் என்பதையும் முன்னால் போடுங்கள். மெயிலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் ஆர்டர் புத்தகத்தோடு விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

"டு தி நீட்ஃபுல்", "அவுட் ஆஃப் ஸ்டேஷன்", "ஐ ஹேவ் எ டவுட்", பதில் எழுதுங்கள் என்ற பொருளில் "ரிவர்ட்" ஆகியவை நம் நாட்டு ஆங்கிலத்தில் நன்றாகப் பழகிப்போனவை. இந்தியருக்கு எழுதினால் தாராளமாக எழுதலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை. வெளிநாட்டவருக்கு எழுதும்போது மட்டும் மாற்றுங்கள். "ஐ ஹேவ் எ டவுட்" என்றால் நீங்கள் அவரை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடும். "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்று எழுதிவிடலாம்.

மென்பொருள் கடைசியில்

இவ்வளவும் முடிந்த பிறகே மென்பொருளிடம் கொடுங்கள். முதலில் கொடுத்தால், சிவப்புக் கோடு இல்லாத இடமெல்லாம் சரி என்று கண் பழகிவிடும். மைக்ரோசாஃப்ட் வேர்டில் எஃப்7 விசையை அழுத்தினால் எழுத்துப்பிழையும் இலக்கணமும் ஒவ்வொன்றாக வரும். அதற்கு முன் ரிவ்யூ பகுதியில் மொழியைப் பிரிட்டிஷ் ஆங்கிலமா, இந்திய ஆங்கிலமா, அமெரிக்க ஆங்கிலமா என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் சரியான "கலர்" எழுத்துக்கூட்டலுக்கும் கோடு போடும். அதே ரிவ்யூ பகுதியில் வாய்விட்டுப் படித்துக் காட்டும் வசதி புதிய வேர்டில் உண்டு. கண் தவறவிட்ட சொல் காதில் விழும்போது பளிச்சென்று தெரியும். கூகுள் டாக்ஸில் டூல்ஸ் மெனுவுக்குள் எழுத்தும் இலக்கணமும் பார்க்கும் வசதி இருக்கிறது. கிராமர்லியின் இலவச வடிவமும் அடிப்படைப் பிழைகளுக்குப் போதும்.

"ஐ ஆம் ரிசீவ்ட்", "லிஸ்ட் ஆர்" போன்றவற்றை இவை பிடிக்கும். "ஃப்ரம்" என்பது "ஃபார்ம்" ஆகிவிட்டால், இரண்டுமே நல்ல சொற்கள் என்பதால் விட்டுவிடலாம். "வீ" யாரைக் குறிக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. சுங்குடி, மல்லி போன்ற பெயர்களை அறியாமல் வேறு சொல்லாக மாற்றப் பார்க்கும். மதுரைச் சுங்குடி 2005-லும் மதுரை மல்லி 2013-லும் புவிசார் குறியீடு பெற்ற பெயர்கள். எழுத்தும் மாறக் கூடாது, ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். மென்பொருளின் அகராதியில் இவற்றை ஒருமுறை சேர்த்துவிட்டால் பிறகு தொந்தரவு இல்லை.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கொடுப்பதானால் "திருத்தி எழுது" என்று கேட்காதீர்கள். "பிழைகளை மட்டும் பட்டியலிடு, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல், வாக்கியத்தை மாற்றாதே" என்று கேளுங்கள். மாற்றி எழுதச் சொன்னால் மொழி பளபளப்பாகும், ஆனால் "வீ மே டெலிவர்" என்பது சத்தமில்லாமல் "வீ வில் டெலிவர்" ஆகிவிடலாம். "அனுப்ப வாய்ப்பிருக்கிறது" என்று நீங்கள் சொன்னது வாக்குறுதியாகிவிடும். வங்கிக் கணக்கு எண், வாடிக்கையாளரின் முகவரி, போன் நம்பர் ஆகியவற்றை எடுத்துவிட்டே கொடுங்கள்.

எல்லாச் சுற்றும் முடிந்தபின் நம் மெயில் இப்படி இருக்கும்:

"ஐ ரிசீவ்ட் யுவர் மெயில் லாஸ்ட் நைட். வீ ஹேவ் ஒன்லி 40 சுங்குடி சாரீஸ் இன் ஸ்டாக். தி லிஸ்ட் ஆஃப் கலர்ஸ் இஸ் அட்டாச்ட். ப்ளீஸ் சென்ட் தி அமவுண்ட் பை ஃப்ரைடே, 14 ஜூன். யூ வில் ஆல்ஸோ நீட் டு பே தி கூரியர் சார்ஜ். வீ வில் பேக் தி சாரீஸ், அண்ட் தி கூரியர் வில் கலெக்ட் தெம் ஆன் மண்டே, 17 ஜூன். ஐ வில் தென் சென்ட் யூ தி ட்ராக்கிங் நம்பர்."

வாக்கியங்களின் வரிசையும் மாறியிருப்பதைக் கவனியுங்கள். பணம் முதலில், பார்சல் பிறகு, ட்ராக்கிங் நம்பர் கடைசியில் என்று வேலை நடக்கும் வரிசையிலேயே வைத்துவிட்டோம். "ஐ" எங்கே, "வீ" எங்கே என்பதும் இப்போது தெளிவு. இரண்டு வரிக்கு மேல் ஓடும் வாக்கியம் இருந்தால் இந்தக் கட்டத்தில் வெட்டுங்கள். "வந்து, பார்த்து, எடுத்து, கட்டி" என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போவது தமிழுக்கு அழகு. ஆங்கிலத்தில் இருபது, இருபத்தைந்து சொல்லைத் தாண்டினாலே படிப்பவர் திரும்பப் போய்ப் படிக்க வேண்டியிருக்கும். வெட்டிய இடத்தில் கமா போட்டு ஒட்டாமல் முற்றுப்புள்ளி வையுங்கள்.

கடைசி வாசிப்பை மெயிலின் கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செய்யுங்கள். மேலிருந்து படித்தால் அடுத்து என்ன வரும் என்று மனம் ஊகித்து, இல்லாத சொல்லையும் இருப்பதாகக் காட்டும். கீழிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் வாக்கியம் தனியாக நிற்கும், குறையும் தெரியும்.

அனுப்பிய பிறகு பிழை கண்ணில் பட்டால் என்ன செய்வது? "எ", "தி" விட்டுப்போன அளவுக்கு என்றால் விட்டுவிடுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. தேதியோ தொகையோ யார் கட்ட வேண்டும் என்பதோ தவறாகப் போயிருந்தால் உடனே இன்னொரு மெயில் போக வேண்டும். முழுக் கடிதத்தையும் திரும்ப அனுப்பினால் எது மாறியது என்று அவர் தேட வேண்டியிருக்கும். மெயிலின் சப்ஜெக்ட் வரியில் "கரெக்‌ஷன்" என்று போட்டு, தவறான வரியையும் சரியான வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி அனுப்புங்கள்.